கைக்கு அடங்கிய பந்தயம்: ஃபார்முலா வீ வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் ஓடும் ஃபார்முலா வீ (ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களை வைத்துக் கட்டும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வகுப்பு) பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் செலவைப் பற்றித்தான். எஞ்சினில் இன்னும் ஐந்து குதிரைசக்தி எப்படி எடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த பந்தயத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்பவர்களே அதிகம். இந்த இதழை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இரண்டு வருடம் கோ-கார்ட் ஓட்டினான். இப்போது ஃபார்முலா வீ என்கிறான். பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, விலையும் எட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. வாங்கிய பிறகு வீட்டையே விழுங்கிவிடுமோ என்றுதான் பயம். எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
(ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்)

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வீட்டை விழுங்குவது காரின் விலை அல்ல, முதல் ஆறு மாதம். அதனால் கையில் 100 இருந்தால் காருக்கு 50க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதிப் பணம் டயர், நுழைவுக் கட்டணம், மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆஃப்ரிக்காவின் உரிமம், தலைக்கவசம், பெல்ட், ஒரு முறை எஞ்சின் திறப்பு என்று தானாகவே போய்விடும்.

வகுப்பைப் பொறுத்தவரை மகன் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறான். 1963இல் அமெரிக்காவில் இந்த வகுப்புக்கு அங்கீகாரம் கிடைத்தபோது அதன் அடிப்படையே சிக்கனம்தான்: ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் அச்சு, இவற்றைச் சுற்றி ஒரு குழாய்ச் சட்டம். பின்னாளில் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்களான நிக்கி லாடாவும் கெக்கே ராஸ்பெர்கும் இந்தப் படியில் ஏறித்தான் மேலே போனார்கள். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. யூட்டன்ஹேக் ஆலையில் 1951 முதல் 1979 வரை பீட்டில் கட்டினார்கள். ஏர்-கூல்டு எஞ்சினில் கை பழகிய மெக்கானிக்குகளும், கொட்டகை மூலையில் கிடக்கும் கிராங்க் கேஸ்களும் (எஞ்சினின் வெளிக்கூடு) இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன.

கார் பார்க்கப் போகும்போது டார்ச், சிறிய கண்ணாடி, காந்தம், ஜாக், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அளவு நாடா கொண்டுபோங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடலாம்.

முதலில் காரின் குழாய்ச் சட்டம். முன் அச்சைப் பிடித்திருக்கும் வெல்டுகளைச் சுற்றிப் பெயின்டில் மயிரிழை மாதிரி கோடு ஓடுகிறதா, அந்தக் கோட்டில் துரு கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடது பின் சஸ்பென்ஷன் புள்ளியிலிருந்து வலது முன் புள்ளிக்கும், வலது பின்னிலிருந்து இடது முன்னுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கார் எங்கேயோ பலமாக இடித்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் கிங் பின், லிங்க் பின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் முளைகள்) தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவில்லை, பேரம் பேச உதவும்.

பெரிய செலவு எஞ்சினில்தான். கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பாருங்கள். கிராங்க் அச்சுவாக்கில் நகர வேண்டிய அளவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரைதான், அவ்வளவு சிறிய அசைவு கைக்குச் சரியாகத் தெரியாது. ‘டக், டக்’ என்று தெளிவாக நகர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கேஸிலேயே அது உட்காரும் இடம் அடிபட்டிருக்கிறது. இரண்டாவது என்றால் கேஸை மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறு கேஸ் தேட வேண்டும். அப்புறம் லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 100 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்தால் இழப்பு 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 20ஐத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள்: சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

புதுப் பெயின்ட் பளபளக்கும் காரைவிட, அழுக்காக இருந்தாலும் போன மாதம் பந்தயத்தை முடித்த காரே மேல். அதோடு வரும் உதிரிகளையும் எண்ணுங்கள். கூடுதல் சக்கரங்கள், கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையிட்ட சிறு திருகு) டப்பா, ஒரு பழைய கியர்பாக்ஸ் இருந்தால் சற்று அதிகம் கொடுக்கலாம்.

கேள்வி: கடற்கரையில் நன்றாக ஓடும் எங்கள் 1600 எஞ்சின், கௌடெங் மாகாணத்தின் கயாலமி, ஸ்வார்ட்கொப்ஸ் தடங்களுக்குப் போனால் கரும்புகை விடுகிறது, திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது இழுப்பதில்லை. ட்யூனிங் செய்பவர் புதுக் கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
(வாசகர், டொங்காட்)

பதில்: வேண்டாம். இரண்டு ஜெட் போதும்.

கௌடெங் பந்தயத் தடங்கள் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே இருக்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டர் தன் பங்குக்கு எரிபொருளைக் கொஞ்சம் குறைத்தாலும் காற்று குறைந்த அளவுக்குக் குறைக்காது. ஏறக்குறைய 7 சதவீதம் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கரும்புகை அதனால்தான்.

ஜெட் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 130 என்றால் 1.30 மி.மீ. பரப்பில் 7 சதவீதம் குறைய வேண்டுமென்றால் விட்டத்தில் மூன்றரை சதவீதம் குறைந்தால் போதும். 130 போட்டிருந்தால் மேலே 125. இதை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நேர்பாதையில் முழு ஆக்ஸிலரேட்டரில் வந்து, அப்படியே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து ஓரம் கட்டி ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள் (பயிற்சி நேரத்தில், பின்னால் கார் இல்லாதபோது). பீங்கானின் அடியில் இளம் பழுப்பு இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் இன்னும் ஒரு படி குறையுங்கள். வெளுத்து, சிறு மணிகள் ஒட்டியிருந்தால் உடனே பழைய ஜெட்டைப் போடுங்கள். அந்த மணிகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

இதன் மறுபக்கம்தான் அதிகச் செலவு வைக்கும். மேட்டில் ட்யூன் செய்த எஞ்சினோடு ஜெட் மாற்றாமல் கடலோரத் தடங்களான ஈஸ்ட் லண்டனுக்கோ கில்லார்னிக்கோ இறங்கினால் கலவை மெலிந்துவிடும், உள்ளே போகும் காற்றும் கூடிவிடும். இந்த இரண்டும் சேர்ந்தால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எரிவது), பிறகு பிஸ்டனில் ஓட்டை. உள்நாட்டில் பரவலாக விற்கும் 93 ஆக்டேன் பெட்ரோலை மீதி கேனில் கரைக்குக் கொண்டுவந்து ஊற்றுவதும் இதே தவறுதான். கரையில் 95 வாங்குங்கள். ஜெட் மாற்றியதை ஸ்டியரிங்கின் நடுவில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது நல்லது, ஆனால் பந்தயக் காலையில் அதை யாரும் திறப்பதில்லை.

கேள்வி: ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் வால்வு இடைவெளி பார்க்கிறேன். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் இறுகிப்போயிருக்கிறது. திரும்ப 0.15 மி.மீ. வைத்துவிட்டு ஓடுகிறேன். இதனால் ஏதாவது கெடுதல் உண்டா?
(வாசகர், பீனிக்ஸ்)

பதில்: உண்டு தம்பி. இந்த இதழ் கைக்கு வந்த பிறகு அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எங்கே தேய்ந்தால் எது மாறும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேம், டாப்பெட், ராக்கர், திருகு, இவற்றில் எது தேய்ந்தாலும் இடைவெளி கூடும். குறைய வேண்டுமென்றால் இரண்டே காரணம்: வால்வு தன் இருக்கைக்குள் புதைகிறது, அல்லது வால்வின் தண்டு நீள்கிறது. புதைந்தால் எஞ்சினின் இழுப்பு குறையும், அவ்வளவுதான். நீண்டால் ஒரு நாள் வால்வின் தலை தனியாகக் கழன்று சிலிண்டருக்குள் விழும். விழுந்த வால்வுத் தலை பிஸ்டனை உடைக்கும், சிலிண்டர் ஹெட்டைக் குதறும், துண்டுகள் இன்டேக் குழாய் வழியாகப் பக்கத்துச் சிலிண்டருக்கும் போகும், கனெக்டிங் ராட் வளைந்தால் கேஸும் போகும். நான்கு எக்ஸாஸ்ட் வால்வின் விலையில் முடிந்திருக்க வேண்டியது ஒரு முழு எஞ்சின் செலவாகிவிடும்.

மூன்றாம் சிலிண்டருக்கு இது வருவதில் வியப்பில்லை. பீட்டிலின் பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கிறது. அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்று முதலில் கூலரில் சூடேறிவிட்டுத்தான் கீழே வருகிறது. 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூட்டுக்குள் தள்ளி இதைச் சரிசெய்தார்கள். உங்கள் எஞ்சினில் எந்த அமைப்பு என்று பாருங்கள். விதிநூல் அனுமதித்தால் பிந்தைய அமைப்புக்கு மாறுங்கள்.

வால்வு பார்க்கும் முறையையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் தொட்டால் கை குளிர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் ஒன்றாம் சிலிண்டர் குறிக்கு நேராக, புல்லியின் குறி கேஸ் பிளவுக்கு நேராக வந்ததும் ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள். பிறகு புல்லியை எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்பினால் இரண்டு, இன்னொரு அரைச் சுற்றுக்கு மூன்று, அப்புறம் நான்கு. 0.15 தகடு மெல்லப் பிடித்து இழுபட வேண்டும், 0.20 போகக் கூடாது. பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுழலும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகட்டைப் போட்டுப் பாருங்கள். எட்டு வால்வின் அளவையும், திருத்துவதற்கு முன் இருந்தபடி எழுதிவையுங்கள். நீங்கள் இத்தனை நாள் விட்டது இதைத்தான். திருத்திய அளவு எப்போதும் 0.15 என்றுதான் இருக்கும், அது எதையும் சொல்லாது. ‘வந்த அளவு 0.05’ என்று மூன்று பந்தயம் தொடர்ந்து எழுதியிருந்தால் எஞ்சின் உங்களைக் கூப்பிடுகிறது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றும்போது சிலிண்டர்கள் கூடவே வெளியே வரப் பார்க்கும். யாராவது ஒருவர் அவற்றை உள்நோக்கித் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் வெளியே வந்துவிடும், திரும்ப ஏற்றும்போது உடையும். நான்கு எக்ஸாஸ்ட் வால்வையும் மாற்றுங்கள். ஒன்று நீண்டிருந்தால் மற்ற மூன்றும் அதே வெப்பத்தைத்தான் தின்றிருக்கின்றன. வால்வுத் தண்டு ஓடும் கைடும் ஆடினால் அதையும். ஹெட்டில் ப்ளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடாகத் தெரியும். 10 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு முடிவான இறுக்கம் 31 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு 25. டார்க் ரென்ச் இல்லாமல் கை அளவில் இறுக்காதீர்கள். கேஸ் மெக்னீசியக் கலவை, மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் இருப்பது இரண்டரை லிட்டர்தான். முழு வேலையையும் அதுவே செய்கிறது. விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஐந்து பந்தயம் வைத்திருப்பதைவிட, சிங்க் சேர்ந்த 20டபிள்யூ-50 மினரல் எண்ணெயை இரண்டு பந்தயத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலிவு, எஞ்சினுக்கும் நல்லது. வடிகட்டித் தட்டைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடையுங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: கேம், டாப்பெட், கியர். ஒட்டாத சாம்பல் நிறச் செதில் பேரிங். பளபளக்கும் வெள்ளைத் தூள் பிஸ்டன் அல்லது கேஸ்.

கேள்வி: பழைய தலைக்கவசம், பழைய சீட் பெல்ட் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
(வாசகி, மெரிபேங்க்)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரை பெற்ற பெல்ட்டுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், முடியும் ஆண்டு அதன் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் பெல்ட்டின் நார் வெளியே தெரியாமலே பலம் இழக்கும். தலைக்கவசம் ஒரே ஒரு முறை கீழே விழுந்திருந்தாலும் உள் நுரை நசுங்கியிருக்கலாம். அதை விற்பவர் சொல்ல மாட்டார். இந்த இரண்டிலும் பிரேக்கிலும் சிக்கனம் கிடையாது.

கேள்வி: ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அலைன்மென்ட் கடைக்குப் போகிறோம். அவர்கள் மெஷின் இந்தக் காருக்குச் சரியாகப் பொருந்துவதும் இல்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?
(இரண்டு சகோதரர்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: முடியும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிப்பார் அல்லவா, அதே வேலைதான். ராய் ஹெஸ்கெத் தடம் உங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பந்தயக்காரர்கள் நூலை வைத்துத்தான் பார்த்தார்கள். தடம் 1981இல் மூடியது. நூல் முறை இன்றும் செல்லும்.

தேவை: 20 மீட்டர் தூண்டில் நரம்பு, நான்கு ஸ்டாண்ட், இரண்டு நேரான குழாய், 150 மி.மீ. இரும்பு ஸ்கேல், ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய தெளிவான ட்யூப், சில தரை ஓடுகள், ஓட்டுநரின் எடைக்கு மணல் மூட்டை.

தரை சமமாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் சரியாக வராது. ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி நான்கு சக்கரம் நிற்கும் இடங்களிலும் மட்டம் பாருங்கள், தாழ்ந்த இடத்தில் ஓடுகளை அடுக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் இரண்டு ஓடு, நடுவில் கிரீஸ், அப்போதுதான் சக்கரம் பக்கவாட்டில் தளர்ந்து நிற்கும். டயர் காற்றைப் பந்தய அளவுக்கு வையுங்கள். மணல் மூட்டை இருக்கையில். காரை முன்னும் பின்னும் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். இதில் எதை விட்டாலும் அளவு பொய் சொல்லும், முக்கியமாகப் பின்பக்கம். ஸ்விங் ஆக்ஸிலில் (கியர்பாக்ஸ் ஓரத்திலிருந்து மேலும் கீழும் ஆடும் பின்னச்சு) காரின் உயரம் மாறினால் கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், உடனே மாறும்.

காருக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், இரண்டும் சக்கர மையத்தின் உயரத்தில். இரு குழாயிலும் சரியாக ஒரே இடைவெளியில் இரண்டு வெட்டு போட்டு, காரின் இருபுறமும் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். இப்போது காரைச் சுற்றி ஒரு செவ்வகம் கிடைக்கும். முன் ஹப் மையத்திலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக வரும்வரை முன் குழாயை நகர்த்துங்கள். பின் ஹப்புக்குப் பின் குழாயை. ஒன்றை நகர்த்தினால் மற்றது மாறும், மூன்று நான்கு முறை போய் வர வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், முதல் நாள் மூன்று மணி நேரம் ஆகும், பிறகு நாற்பது நிமிடம்.

அப்புறம் அளவு எளிது. ஸ்கேலை ரிம்மின் முன் விளிம்பில் வைத்து நரம்பு வரை படியுங்கள், பின் விளிம்பில் வைத்துப் படியுங்கள். முன் அளவு குறைவாக இருந்தால் சக்கரம் வெளியே பார்க்கிறது. 15 அங்குல ரிம்மில் 1 மி.மீ. என்றால் சுமார் 0.15 டிகிரி. முன்பக்கம் இரண்டு சக்கரமும் சேர்த்து 1 முதல் 2 மி.மீ. வெளிப்பார்வை வைத்துத் தொடங்குங்கள். பின்பக்கம் வெளியே பார்க்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது வால் சுழன்றுவிடும். ஸ்கேல் நரம்பைத் தொடாமல் கண்ணை நேராக வைத்துப் படிக்க வேண்டும், தொட்டால் நரம்பு நகரும். அளவெடுக்கும் அண்ணன் அளவெடுக்கட்டும், தம்பி எழுதட்டும். மாற்றி மாற்றிச் செய்தால் இருவர் கண்ணுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

கேள்வி: டயர்தான் எங்களைத் தின்கிறது. ஒரு செட்டை எவ்வளவு நாள் ஓட்டலாம்?
(வாசகர், இசிபிங்கோ)

பதில்: ரப்பர் தேய்ந்து தீரும் முன்பே பெரும்பாலும் இறுகிக் கெட்டுவிடுகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். அதனால் பயிற்சியில் மூன்று சுற்று, உள்ளே வந்து பேச்சு, மறுபடி மூன்று சுற்று என்று ஓடாதீர்கள். ஒரே மூச்சில் பத்துச் சுற்று ஓடி முடியுங்கள். பயிற்சிக்குப் பழைய செட், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் நல்ல செட்.

காற்றழுத்தம் தவறாக இருந்தால் புது டயரையும் ஒரே நாளில் கெடுத்துவிடலாம். ஊசி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கார் உள்ளே வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் குத்திப் பாருங்கள். நடு அதிகம் கொதித்தால் காற்று அதிகம், இரு ஓரமும் கொதித்தால் காற்று குறைவு, உள் ஓரம் மட்டும் என்றால் கேம்பர் அதிகம். டயருக்குள் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். காலை எட்டு மணிக்குக் குளிரில் வைத்த அளவோடு மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற டயரை அனுப்பினால் அந்த 2, 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகவே போகும்.

பழைய டயர் வாங்கினால் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். நகத்தை அழுத்தினால் தடம் பதியாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டில் கறுப்புப் பையில் கட்டி, வெல்டிங் மெஷின், மோட்டார் ஓடும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். அவை வெளியிடும் ஓசோன் ரப்பரைப் பிளக்கும்.

கேள்வி: எங்கள் கிளப் வகுப்பில் 14 கார்கள். அடுத்த ஆண்டு விதிகளைத் திருத்தும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். செலவு ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு குடும்பங்கள் விலகிவிட்டன. விதியில் எதை எழுதினால் செலவு குறையும்?
(வாசகி, லாடியம்)

பதில்: அக்கா, விலை உயர்ந்த பாகங்களின் பட்டியல் ஒன்று எழுதித் தடை செய்வதில்தான் எல்லாக் குழுவும் தொடங்கும். அதனால் செலவு குறையாது, பணம் வேறு பாகத்துக்குப் போகும். பணம் போட்டாலும் பயன் கிடைக்காதபடி விதி அமைய வேண்டும். அதோடு, தட ஆய்வாளர் வெர்னியரும் தராசும் வைத்துப் பத்து நிமிடத்தில் சரிபார்க்க முடியாத எதையும் விதியாக எழுதாதீர்கள். சரிபார்க்க முடியாத விதியை நேர்மையானவர் மட்டுமே காப்பாற்றுவார், அவர்தான் கடைசியில் வருவார், அவர்தான் விலகுவார்.

முதலில் டயர். ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே ரப்பர், ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை. பதிவு செய்த டயரில் அழியாத குறி. பெரிய பணம் மிச்சமாவது இங்கேதான். மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது எடை. குறைந்தபட்ச எடையை ஓட்டுநரோடு சேர்த்து எழுதுங்கள், அதையும் தாராளமாக வையுங்கள். உங்கள் பதினான்கு பேரில் கனமானவர் சாதாரணக் காரில் உட்கார்ந்தால் என்ன எடை வருகிறதோ அதுவே அளவு. ஒல்லியானவர் ஈயக்கட்டியைப் போல்ட் போட்டு இறுக்கிக்கொள்வார். இலேசான பாகம் வாங்கினாலும் ஈயம்தான் கூடும் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

பிறகு எஞ்சினின் சுற்று வேகம். எஞ்சின் ஓர் எல்லைக்கு மேல் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் விலை சிறிது. எல்லாருக்கும் ஒரே சிப், கிளப்பே கொடுத்துப் பந்தயக் காலையில் சீட்டுக் குலுக்கி மாற்றிப் போட வேண்டும். பிஸ்டன், ராட், வால்வு மீது விழும் விசை சுற்று வேகத்தின் இருமடியாக ஏறும். நிமிடத்துக்கு 5,500 சுற்றை 6,000 ஆக்கினால் சுற்று 9 சதவீதம்தான் கூடுகிறது, விசை 19 சதவீதம் கூடுகிறது. எஞ்சினின் ஆயுள் அந்த வித்தியாசத்தில்தான் போகிறது.

எஞ்சினுக்கு முத்திரைக் கம்பி வைக்கலாம். ஆனால் ஒரே கடைக்காரர்தான் திறக்கலாம் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு விலையை அவர் சொல்வார், நீங்கள் கேட்பீர்கள். யார் வேண்டுமானாலும் கட்டலாம், கிளப் அளந்து பார்த்து முத்திரை வைக்கும் என்பதே சரி. சில நாடுகளில் வெற்றி பெற்ற எஞ்சினை நிர்ணயித்த விலைக்கு யாரும் கேட்டு வாங்கலாம் என்ற விதி உண்டு. காகிதத்தில் அழகான விதி. 14 குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து ப்ராய் (கரியில் சுடும் விருந்து) போடும் கிளப்பில் அது மனக்கசப்பில்தான் முடியும் என்பது எங்கள் எண்ணம்.

பந்தயத்தை ஒரே நாளில் வையுங்கள்: காலையில் தகுதிச் சுற்று, மதியம் இரண்டு ஓட்டம். ஒரு இரவு விடுதிச் செலவு போகும், டர்பனிலிருந்து வருபவருக்கு வெள்ளிக்கிழமை லீவும் போகாது. அதே தடத்தில் முந்திய ஏழு நாள் பயிற்சி கூடாது என்றும் சேருங்கள்.

எழுதியதை மூன்று வருடம் தொடாதீர்கள். ஒரு விதியைத் திருத்தினால் பதினான்கு வீடுகளில் ஏதோ ஒரு பாகம் குப்பைக்குப் போகிறது. போன இரண்டு குடும்பங்களையும் கூப்பிட்டு, எந்தச் செலவில் முடியாமல் போயிற்று என்று கேளுங்கள். விதியை எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாகக் காரை இழுத்துப் போகிறோம். 100ஐத் தாண்டினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. புது ட்ரெய்லர் வாங்கச் சொல்கிறார்கள்.
(வாசகர், டர்பன் வடக்கு)

பதில்: காரைத் திருப்பி ஏற்றிப் பாருங்கள். வீ காரில் கனம் பின்பக்கம். மூக்கு முன்னாலிருக்கும்படி ஏற்றினால் எஞ்சின் ட்ரெய்லரின் வாலில் போய் உட்கார்ந்துவிடும், இணைப்புக் குண்டின் மீது எடையே இருக்காது. மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் குண்டின் மீது அழுந்த வேண்டும். வீட்டுத் தராசைக் கொக்கியின் அடியில் கட்டை கொடுத்து வைத்தால் தெரிந்துவிடும். பின்பக்கமாக ஏற்றுங்கள், அல்லது காரை முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். பட்டைகளைச் சட்டத்தில் கட்டுங்கள், சஸ்பென்ஷன் கையில் வேண்டாம். முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை நின்று பட்டையையும் சக்கர நட்டையும் பாருங்கள், வான் ரீனன் கணவாய்க்கு முன் இன்னொரு முறை.

உரிமத்தையும் பாருங்கள். கோட் பி (சாதாரணக் கார்) உரிமத்தில் இழுக்கக்கூடியது மொத்த அனுமதி எடை 750 கிலோ வரையுள்ள ட்ரெய்லர்தான். காரும் ட்ரெய்லரும் சக்கரங்களும் சேர்ந்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்; கோட் ஈ.பி. வேண்டும், ட்ரெய்லருக்குப் பிரேக்கும் வேண்டும். இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீடு கை விரித்துவிடும்.

கேள்வி: காரின் மூக்கு உடைந்துவிட்டது. புதிது வாங்க முடியவில்லை.
(வாசகர், லெனேசியா)

பதில்: துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா? இருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். வெளிப்பக்கத்தில் துண்டுகளைப் பொருத்தி பேக்கிங் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள், அதுவே அச்சு. உள்பக்கத்தில் விரிசலின் இருபுறமும் 50 மி.மீ. அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு. பாலியெஸ்டர் ரெசின் மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் ஊற்றினால் கனமும் கூடும், நொறுங்கவும் செய்யும். கடினமாக்கி கோடையில் 1 சதவீதம், ஜூலைக் குளிரில் 2. ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம், 20 கிராம் என்று தராசில் நிறுத்தே போடுங்கள். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவை கலக்காதீர்கள், டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். முகமூடி, கையுறை, கண்ணாடி கட்டாயம். கடினமாக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

ஒட்டி முடித்து, வெளிப்பக்கம் தேய்த்து வழவழப்பானதும், பெயின்ட் அடிக்கும் முன் அதன் மேல் மெழுகு ஐந்து பூச்சு பூசி ஓர் அச்சு எடுத்துவையுங்கள். அதே மாதிரி மூக்குள்ள மற்ற கார்க்காரர்களிடமும் சொல்லுங்கள். ரெசின் செலவை நான்கு பேர் பகிர்ந்தால் அந்த அச்சு நான்கு காருக்கும் ஆகும்.